மான் வரவில்லை

கண் விழித்ததும் கசுமிக்கு முதலில் நினைவு வந்தது, அறையைச் சூடாக்கும் ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் தீர்ந்திருக்கும் என்பது. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாக வந்து நெஞ்சின் மேல் உட்கார்ந்தது. விபத்து நடந்ததிலிருந்து தினமும் இப்படித்தான். இரவில் படுக்கும்போது இருந்த அசதி காலையில் எழும்போதும் குறையாமல் அப்படியே இருந்தது.

மகள் சயாகாவைக் கட்டிக்கொள்ளப்போகும் கோசுகேயும் அவன் அப்பா இவாமாவும் விருந்துக்கு வந்த ஞாயிற்றுக்கிழமைதான் விபத்து நடந்தது. பால் பண்ணைக் குடும்பம். கல்யாணத் தேதி பேசி முடித்து, சாக்கே மது இரண்டு சுற்று போன பிறகு பண்ணையிலிருந்து இவாமாவின் மனைவி போன் செய்தாள். பசு கன்று போட ஆரம்பித்துவிட்டது, கன்றின் கால் மட்டும் வெளியே தெரிகிறது, உடனே வாருங்கள் என்றாள். அப்பாவும் பிள்ளையும் குடித்திருந்தார்கள். கசுமியின் கணவர் மசாகியும் குடித்திருந்தார். வாடகை ஓட்டுநரைக் கூப்பிட்டால் இந்தப் பனியில் வந்து சேர முக்கால் மணி நேரமாவது ஆகும்.

"அவ்வளவு நேரம் எதுக்குக் காத்திருக்கணும்? தோமோயா ஒரு சொட்டுகூடத் தொடல. என் கார்ல கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுவான்."

அதைச் சொன்னது கசுமிதான். வேறு யாரும் இல்லை.

மகன் தோமோயாவுக்கு இருபது வயது. லைசென்ஸ் வாங்கியது போன வசந்தத்தில். புது ஓட்டுநர் என்று காட்டும் பச்சை மஞ்சள் இலைச் சின்னம் இன்னும் காரின் பின்னால் ஒட்டியிருந்தது. அதிகம் குடித்திருந்த கோசுகே வீட்டிலேயே தங்கிவிட, இவாமா மட்டும் காரில் ஏறினார். பீட்ரூட் வயல்களுக்கு நடுவே காற்றுத் தடுப்பு மரங்கள் வரிசையாக நிற்கும் வளைவில் கார் வழுக்கிச் சுழன்று, இவாமா உட்கார்ந்திருந்த பக்கம் வாய்க்கால் பாலத்தின் சிமெண்டுக் கட்டையில் போய் மோதியது. அவருக்கு இடுப்பெலும்பும் தொடையெலும்பும் முறிந்தன. தோமோயாவுக்குக் கழுத்தில் சுளுக்கு. பசு தன்பாட்டில் கன்று போட்டது. கன்று பிழைத்துவிட்டது.

"வழுக்கிடுச்சு. சரியா ஞாபகம் இல்ல." அன்று போலீசிடம் தோமோயா சொன்னது அவ்வளவுதான். வீட்டிலும் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நேற்று மாலை சயாகா மூச்சிரைக்க ஓடி வந்து ஒரு செய்தி சொன்னாள். இவாமா தெளிவாகப் பேசும் நிலைக்கு வந்துவிட்டாராம். போலீசிடம் வாக்குமூலமும் கொடுத்துவிட்டாராம். திடீரென்று ஒரு மான் குறுக்கே பாய்ந்ததாம். பையன் மேல் தப்பே இல்லை என்று சொன்னாராம்.

இந்தப் பக்கத்தில் மான் குறுக்கே வராத சாலை கிடையாது. கேட்டவுடன் யாரும் நம்புவார்கள். கசுமியும் நம்பினாள். நம்ப வேண்டும் என்று இருந்தது.

காலைச் சாப்பாட்டில் மூன்று பேரும் பேசாமல் மிசோ சூப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். கழுத்துப் பட்டை இருந்ததால் தோமோயாவால் குனிய முடியவில்லை. கிண்ணத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிக் குடித்தான்.

மசாகி ஊர்ப் பேருந்து ஓட்டுபவர். முப்பது வருடமாக ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டியவர். விபத்துக்கு மறுநாள், "பனி யார் மேலயும் வந்து மோதாது. ஓட்டுறவன்தான் மோதுவான்," என்று ஒரு வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகு மகனோடு பேசுவதையே நிறுத்தியிருந்தார். இன்று அவராகவே வாயைத் திறந்தார்.

"பத்து மணிக்கு அந்த இடத்துக்கு வரச் சொல்லியிருக்காங்க. மறுபடியும் அளக்கப் போறாங்களாம். மான் எங்க வந்துது, எங்க பிரேக் போட்டன்னு கேப்பாங்க."

தோமோயா கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"இவாமா சான் என்ன சொன்னாரோ அதையே நீயும் சொல்லு. கூட ஒரு வார்த்தை வேண்டாம், குறைச்சும் வேண்டாம்."

"அப்பா..."

"அக்கா கல்யாணம் இருக்கு. அவங்க வீட்டுப் பெரியவரே உனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கார். மான்னா மான்தான். புரியுதா?"

கசுமி கணவரை நிமிர்ந்து பார்த்தாள். மஞ்சள் விளக்கில் வண்டியை நிறுத்தாத டிரைவர்களைப் பற்றி இரவெல்லாம் திட்டித் தீர்ப்பவர் இவர். இவர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்து அவள் கேட்டதில்லை. அவர் அவள் கண்ணைச் சந்திக்காமல் ஊறுகாய் முள்ளங்கியைக் கடித்தார். சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது.

அவளும் எதுவும் சொல்லவில்லை. அதையும் அவள் பிறகு நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

மசாகிதான் தன் காரை ஓட்டினார். சாலையின் இரு ஓரமும் பனிச் சுவர். ஓரம் எது என்று காட்டும் அம்புக்குறிகள் கம்பங்களில் தலைக்கு மேலே தொங்கின. சாலையில் மேலே பொடிப்பனி, அடியில் கண்ணாடிபோல் உறைந்த பனி. அவர் கியரை மெதுவாகக் குறைப்பதும், வளைவுக்கு வெகு முன்னாலேயே வேகத்தை விடுவதும் பின் சீட்டில் இருந்த கசுமிக்குத் தெரிந்தது. மகனுக்குப் பாடம் நடத்துவதுபோல் ஓட்டினார். மகன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாலத்தருகே போலீஸ் வண்டி நின்றது. அதிகாரி ஒபாடா நடுத்தர வயதுக்காரர். மூக்கு நுனி சிவந்துபோய், கையில் அளவுச் சக்கரத்தோடு நின்றார். இன்னொரு காவலர் எதிர்ப் பக்கம் நின்று வண்டிகளை மெதுவாக விட்டுக்கொண்டிருந்தார். சிமெண்டுக் கட்டையில் கசுமியின் காருடைய வெள்ளைப் பெயிண்ட் இன்னும் ஒட்டியிருந்தது. கசுமி அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"குளிரா இருக்கு, சீக்கிரம் முடிச்சிடலாம்," என்றார் ஒபாடா. "நீ அந்தப் பக்கத்துல இருந்து வந்த. சரி. மான் எந்தப் பக்கத்துல இருந்து வந்துது? மரத்துக்கு நடுவுல இருந்தா, வயல்ல இருந்தா?"

தோமோயா மரங்களைப் பார்த்தான். வயலைப் பார்த்தான். அவன் வாயிலிருந்து ஆவி மட்டும் வந்துகொண்டிருந்தது.

மசாகி தொண்டையைச் செருமினார்.

"மான் வரல சார்," என்றான் தோமோயா.

ஒபாடா எழுதப்போன கையை நிறுத்தினார். "என்ன?"

"மான் எதுவும் வரல."

"இவாமா சான் பார்த்தேன்னு சொல்லியிருக்காரே."

"அவர் என்ன பார்த்தாருன்னு எனக்குத் தெரியாது. நான் பார்க்கல. நான் வேகமா வந்தேன். வளைவுல பயந்து பிரேக்கை ஒரேயடியா மிதிச்சேன். அப்புறம் வண்டி என் பேச்சைக் கேக்கல."

"எவ்வளவு வேகம்?"

"அறுபதுக்கு மேல."

"இந்த ரோட்டுலயா?"

"ஆமா."

ஒபாடா பேனாவைத் தாழ்த்தினார். "தம்பி, நீ என்ன சொல்றன்னு தெரிஞ்சுதான் சொல்றியா? இது அரசு வக்கீல்கிட்ட போகும். லைசென்ஸ் போறது மட்டும் இல்ல."

"தெரியும் சார்."

"வேற ஏதாவது சொல்லணுமா? வண்டிக்குள்ள ஏதாவது நடந்துதா?"

இதுவரை நேராகப் பேசியவன் முதல் தடவையாகத் தலையைத் திருப்பப் பார்த்து, கழுத்துப் பட்டை தடுத்ததால் முடியாமல் நின்றான்.

"இல்ல சார்," என்றான்.

அந்த 'இல்ல' கசுமியின் காதில் வேறு மாதிரி விழுந்தது. பெற்றவள் காது அது. சின்ன வயதில், 'வயிறு வலிக்குதாடா' என்றால் இதே குரலில்தான் இல்லை என்பான்.

திரும்பக் காரில் ஏறியதும் மசாகி வண்டியைக் கிளப்பாமல் இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் மூச்சு படிந்து வெளியே எதுவும் தெரியாமல் போனது.

"அவனுக்கு ஓட்டக் கத்துக்கொடுத்தது நான்," என்றார் கடைசியில், யாரிடம் என்று இல்லாமல். "இன்னிக்குப் பொய் சொல்லவும் கத்துக்கொடுக்கப் பார்த்தேன். நல்ல அப்பன்."

தோமோயா ஜன்னலில் படிந்த மூச்சைக் கையால் துடைத்தான்.

"பெல்ட் போட்டியா?" என்றார் மசாகி.

"போட்டுட்டேன்."

விபத்துக்குப் பிறகு அப்பாவும் பிள்ளையும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது காலையிலிருந்துதான். அதுவும் இவ்வளவுதான்.

கசுமியின் போன் அடித்தது. சயாகா. பின்னால் மாடுகளின் சத்தமும் தண்ணீர் பாயும் இரைச்சலும் கேட்டன. மாமனாராகப்போகிறவர் படுத்ததிலிருந்து அவள் தினமும் விடியுமுன் பண்ணைக்குப் போய் மாமியாரோடு கறவைக்கு நின்றுவிட்டு, பிறகு தன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இன்று வேலைக்கு விடுப்பு.

"என்னம்மா ஆச்சு? முடிஞ்சுதா?"

கசுமி சொன்னாள். எப்படிச் சுற்றி வளைத்தாலும் ஒரு வரிச் செய்திதான்.

"என்னது?" என்று சயாகா கத்தினாள். "அவனுக்கு வாயை மூடிட்டு இருக்கத் தெரியாதா? என் மாமனாரைப் போலீஸ் முன்னாடி பொய்யனாக்கிட்டானே! இவங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? இப்பகூட அத்தை பக்கத்துலதான் வாளி கழுவிட்டு நிக்கிறாங்க."

"சயாகா, மெதுவா..."

"ஏற்கனவே இடுப்பை உடைச்சான். இப்ப பேரையும் உடைச்சிட்டான். போனை அவன்கிட்ட கொடும்மா."

கசுமி கொடுக்கவில்லை. ஆனால் கார் சிறியது. மகளின் குரல் எல்லாருக்கும் கேட்டது. தோமோயா கண்ணை மூடிக்கொண்டான்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்," என்றாள் கசுமி. "போலீஸ்காரங்க போய்ச் சொல்றதுக்கு முன்னாடி நானே அவர்கிட்ட சொல்லிடறேன். அதுதான் மரியாதை."

"நானும் வரேன்மா. துணி மாத்திட்டு, மாமாவோட உடுப்பை எடுத்துட்டு பஸ்ல வரேன்," என்று சொல்லிவிட்டு சயாகா வைத்துவிட்டாள். அழுகிறாள் என்று கசுமிக்குத் தெரிந்தது.

ஒபிஹிரோ நகர ஆஸ்பத்திரியில் மசாகியையும் மகனையும் கீழே உட்காரச் சொல்லிவிட்டுக் கசுமி மட்டும் மேலே போனாள். அவள் வேலை பார்க்கும் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் முந்நூறு குழந்தைகளுக்குக் கறி கிண்டும் நாள்களில்கூட இப்படிக் கால் கனத்ததில்லை.

இவாமாவின் காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மாடு மாதிரி உழைக்கும் மனிதர். கட்டிலில் படுத்திருப்பது அவருக்கே வெட்கமாக இருந்திருக்கும். அவளைப் பார்த்ததும் சிரிக்க முயன்றார்.

"வாங்க சம்பந்தியம்மா. பாருங்க, என்னைக் கட்டிப்போட்டுட்டாங்க. மாட்டைக்கூட நாங்க இப்படிக் கட்ட மாட்டோம்."

கசுமி கட்டிலருகே நின்று தலையைத் தாழ்த்தி வணங்கினாள். நிமிராமலே சொன்னாள்.

"தோமோயா போலீஸ்கிட்ட மான் வரலன்னு சொல்லிட்டான். நீங்க அவனுக்காகச் சொன்னதை அவன் ஏத்துக்கல. உங்களைச் சங்கடத்துல மாட்டிவிட்டதுக்கு நான் மன்னிப்புக் கேக்கணும்."

அவள் நிமிர்ந்தபோது இவாமாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை. வெளிறிப்போயிருந்தது.

"அப்ப கை வச்சதையும் சொல்லிட்டானா?" என்றார்.

"எந்தக் கை?"

அவர் வாயைத் திறந்தார், மூடினார். சொன்னதைத் திரும்ப விழுங்க முடியாது என்று தெரிந்துபோனவர்போல் தலையணையில் சாய்ந்துகொண்டார்.

"சொல்லலியா?"

"எந்தக் கை, இவாமா சான்?"

"உட்காருங்க."

அவள் உட்காரவில்லை.

"பாலத்துக்கு முன்னாடி பண்ணைக்கு ஒரு குறுக்குவழி இருக்கு," என்றார் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு. "அவன் அதைத் தாண்டிப் போறான்னு நினைச்சேன். 'இங்கடா, இங்க திரும்பு'ன்னு கத்திக்கிட்டே ஸ்டீயரிங்கைப் பிடிச்சு இழுத்துட்டேன். குடிச்ச கை. கன்னோட கால்தான் என் கண்ணுக்குள்ள நின்னுது. வண்டி வாசல்ல இருந்து கிளம்பினதுல இருந்து, 'வேகமா போ, வேகமா போ'ன்னு வேற அவனை அரிச்சிட்டிருந்தேன். அவன் ரெண்டு தடவை சொன்னான், 'ரோடு சரியில்ல மாமா'ன்னு."

"அப்ப மான்?"

"மான்னு சொன்னா அவனும் தப்பிப்பான், நானும் தப்பிப்பேன். மானுக்கு என்ன ஆகப்போகுது?" சொல்லிவிட்டு அவர் கண்ணை இறுக்க மூடினார். "அவனைக் காப்பாத்தணும்னுதான் சொன்னேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பாதி அதுதான். மீதிப் பாதி இல்ல."

கசுமி அப்போதுதான் உட்கார்ந்தாள்.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது, ஆனால் எழுந்து நிற்கத் தெம்பில்லாத கோபம். போன வாரம் மன்னிப்புக் கேட்க இனிப்புப் பெட்டியோடு இவர் வீட்டு வாசலில் போய் நின்றது நினைவு வந்தது. இவர் மனைவி பெட்டியை வாங்கவில்லை. "உள்ள வாங்கன்னு சொல்ற மனசு இப்ப எனக்கு இல்ல," என்று கதவைச் சாத்தினாள். மூடிய கதவைப் பார்த்துக் கசுமி வெகுநேரம் குனிந்தபடியே நின்றாள். பனி அவள் தோளில் படிந்து, உருகி, மறுபடி படிந்தது.

"உங்க வீட்டம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"யாருக்கும் தெரியாது. தோமோயாவுக்கும் எனக்கும்தான்."

"இத்தனை நாளா என் பிள்ளை சாப்பிடல, தூங்கல. அவங்க அப்பா அவன் முகத்தைப் பார்க்கல. அவங்க அக்கா இப்பதான் போன்ல அவனைக் கிழிச்சுப் போட்டா."

"தெரியும்."

"தெரியாது. உங்களுக்குத் தெரியாது."

இவாமா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "கல்யாணத்தை..." என்று ஆரம்பித்தார்.

"கல்யாணத்தைப் பத்தி இப்பப் பேசாதீங்க."

சொல்லும்போதே அவளுக்கு இன்னொன்றும் தெரிந்தது. இவர் கை வைத்ததால் தோமோயாவின் கணக்கு நேராகிவிடாது. அறுபதுக்கு மேல் அழுத்தியது அவன் கால்தான். பிள்ளை அதைத்தான் சொன்னான், சொன்னதோடு நின்றான். அவனை அந்தச் சாலைக்கு அனுப்பிய வாய் தன்னுடையது. ஆளுக்கு ஒரு பங்கு இருந்தது. பங்கைச் சொன்னவன் வயதில் சின்னவன் ஒருவன் மட்டும்தான்.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. ஒபாடா. மூக்கு நுனி இன்னும் சிவப்பாகவே இருந்தது.

"மன்னிக்கணும். இவாமா சான்கிட்ட இன்னொரு தடவை பேசணும். அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில இருக்க முடியுமா?"

இவாமா அவளைப் பார்த்தார். ஏதாவது சொல்வாள், கோசுகேயின் பெயரையோ சயாகாவின் பெயரையோ எடுப்பாள், 'போகட்டும்' என்று ஒரு தலையசைப்பாவது கொடுப்பாள் என்று அந்தக் கண்கள் காத்திருந்தன. அவளுக்கும் நாக்கு நுனிவரை வந்தது. மகள் காலையில் வாளி கழுவும் மாமியாருக்குப் பக்கத்தில் நின்று அழுதது காதில் இருந்தது.

கசுமி எழுந்தாள். விருந்தாளி முன்னால் செய்வதுபோல் நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்தி வைத்தாள்.

"இவர் கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க," என்றாள். "நான் வெளியிலதான் இருப்பேன்."

நடைபாதையில் தோமோயா நின்றுகொண்டிருந்தான். அப்பாவை விட்டுவிட்டு மேலே வந்திருந்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லிட்டாரா?"

"நீ ஏண்டா சொல்லல?"

"எதைம்மா சொல்றது?" அவன் குரல் உடைந்திருந்தது. "அவர் இழுத்தாருன்னு சொன்னா, நான் வேகமா வந்தது மறைஞ்சு போயிடும். எல்லாரும் அதையே பிடிச்சுப்பாங்க. நீயும் பிடிச்சுப்ப. அப்பாவும். அப்புறம் அக்கா அந்த வீட்டுல எப்படிப் போய் வாழ்வா?"

கசுமி பிடித்துக்கொண்டிருப்பாள்தான். இவாமா கை வைத்ததைச் சொன்னபோது அவள் நெஞ்சுக்குள் ஒரு மூலையில் நிம்மதி எட்டிப் பார்த்ததை அவள் கவனித்திருந்தாள்.

"கழுத்து வலிக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

"கொஞ்சம்."

"உட்காரு."

இருவரும் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கதவுக்கு அப்பால் ஒபாடாவின் குரல் கேட்டது, ஏதோ ஒரு கேள்வி. பிறகு இவாமாவின் குரல், தாழ்வாக. என்ன சொல்கிறார் என்று பிடிபடவில்லை. தோமோயா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். கசுமி கேட்க முயலவில்லை.

லிஃப்ட் திறந்தது. சயாகா வந்தாள். ஒரு கையில் மாமனாரின் துவைத்த உடுப்பு மடித்த பை. வேறு துணி போட்டிருந்தாலும் தலைமுடியில் பண்ணையின் வாடை. கண் வீங்கியிருந்தது. தம்பியைப் பார்த்ததும் திட்டுவதற்காக வாயைத் திறந்தவள், அம்மாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"உள்ள யாரு இருக்கா? ஏன் வெளியில உட்கார்ந்திருக்கீங்க?"

தோமோயா அம்மாவைப் பார்த்தான். கசுமி சற்று நகர்ந்து பெஞ்சில் மகளுக்கு இடம் விட்டாள்.

"வா, உட்காரு," என்றாள். "உன் மாமனார் வாயாலயே கேட்டுக்க. இன்னும் கொஞ்ச நேரம்தான்."

"என்னத்தைக் கேக்கணும்?" என்றாள் சயாகா, உட்காராமலே.

உள்ளே ஒபாடா எழுந்து நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது.